ஏழாம் நம்பரில் நின்றவள்

குரு என்பவர் மாணவனின் குறையைத் தம் குறையாக ஏற்று, அல்லும் பகலும் பாடுபட்டு அதைக் களைந்து, ஒருநாள் அவனை நேர்வழியில் செலுத்துகிறவர். அந்த வகையில் பதுளைக்கு மேலே, மேமலைத் தோட்டத்துக் கோல்ப் கிளப்பின் சிவஞானம் மாஸ்டர் ஒரு பெரிய குரு. அவருடைய மாணவர்களின் குறைகளைக் கடந்த மூன்று வருடமாகக் களைந்து வந்தது அவருடைய தம்பி ஜீவனின் வலது கால்.

மாணவர் அடித்த பந்து கோணிக்கொண்டு தேயிலைக்குள் போகும். அங்கே குந்தியிருக்கும் ஜீவன் காலால் ஒரு தள்ளு தள்ளுவான். பந்து புல்வெளிக்கு வந்து, அங்கேயே பிறந்து வளர்ந்ததுபோலக் கிடக்கும். "பாத்தீங்களா ஐயா, இந்தத் தடவ மணிக்கட்டு சரியா வந்திருக்கு" என்பார் மாஸ்டர். மாணவரும் தம் மணிக்கட்டைப் பாசத்தோடு பார்த்துக்கொள்வார்.

அந்தக் கால்தான் போன வாரம் அண்ணனோடு சண்டை பிடித்துக்கொண்டு மொனராகலை பஸ்ஸில் ஏறியது. "பேரு ஒனக்கு, அட்டைக்கடி எனக்கா?" என்று கேட்டுவிட்டுப் போன ஜீவன் இப்போது எங்கேயோ கரும்பு லொறியில் இருக்கிறான். போன் அடித்தால் எடுப்பதில்லை.

இன்று சனிக்கிழமை. கிளப்பின் வருடாந்தக் கிண்ணத்துக்கு இறுதி ஆட்டம்.

சிவஞானம் விடிவதற்கு முன்னமே எழுந்து, வெள்ளைத் தொப்பியைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் காய வைத்திருந்தார். மனைவி பாக்கியலெட்சுமி, காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துக் கொழுந்தெடுக்கப் போவதற்காகக் கூடையை எடுத்து வைத்துவிட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் பெரட்டுக்குப் போகாத, பாக்கியம்."

"போகாட்டி பேர வெட்டிருவாங்க."

"ஒரு நாளுதானே?"

"கங்காணிக்கு என்னான்னு சொல்றது? எங்க வீட்டுக்காரரு பந்து பொறுக்கக் கூப்பிட்டாருன்னா?"

"பொறுக்க இல்ல. தள்ளிவிட."

உள்ளே சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மகள் நிஷாந்தினி தலையை நீட்டினாள். பசறைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் உதவி ஆசிரியை. சனி, ஞாயிறில்தான் வீட்டுக்கு வருவாள்.

"அப்பா, இது களவு இல்லையா?"

"இது பயிற்சி."

"பந்துக்கா, ஆளுக்கா?"

மாஸ்டர் தொப்பியை மறுபக்கம் திருப்பி வைத்தார். டீச்சர்மாரோடு விவாதம் செய்வதில்லை என்று அவர் எப்போதோ முடிவெடுத்திருந்தார்.

விஷயம் இதுதான். கிளப் செயலாளர் இரகுநாதன் ஐயாதான் இறுதி ஆட்டத்தில் நிற்கிறார். கிண்ணம் தம் கைக்கு வந்தால், சிவஞானத்தைக் 'கோல்ப் பயிற்றுநர்' என்று கடிதம் கொடுத்து நியமிப்பதாகவும், கேட்டடியில் பூட்டிக்கிடக்கும் குவாட்டர்ஸைத் தருவதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறார். இருபது வருடமாக ஊரே மாஸ்டர் என்கிறது. கிளப்பின் பதிவில் மட்டும் அவர் இன்னும் கேடி. கோல்ப் பாஷையில் அது துரைமாரின் பையைத் தூக்குகிறவர். லயத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லில் தெரிந்த அர்த்தம் வேறு.

வருகிற வெள்ளிக்கிழமை கொஸ்லந்தையிலிருந்து நிஷாந்தினியைப் பெண் பார்க்க வருகிறார்கள். பெண்ணின் தகப்பன் கோல்ப் பயிற்றுநர், கிளப் வீட்டில் குடியிருப்பு என்று தரகரிடம் சிவஞானமே சொல்லியாயிற்று. மாப்பிள்ளையின் மாமன் ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர். எதையும் எழுத்தில் பார்க்காமல் நம்பாதவர். நியமனக் கடிதத்தை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

"சரி, எங்க நிக்கணும்?" என்றாள் பாக்கியலெட்சுமி, மகளைப் பார்த்துக்கொண்டே.

"ஏழாம் நம்பர்ல நில்லு. ஐயாவோட பந்து அங்கதான் வரும். கண்டிப்பா வரும்."

"ஐயாவோடதுன்னு எப்பிடித் தெரியும்?"

"பந்துல பேரா எழுதியிருக்கும்? வர்றதத் தள்ளு. செடிக்குள்ள குனிஞ்சு இரு, யாரும் பாக்கக் கூடாது."

"ஏழாம் நம்பரா? அம்புட்டுத் தூரமா?"

சிவஞானத்துக்கு அது காதில் விழவில்லை. தொப்பி காய்ந்துவிட்டதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளப்பின் முகப்பில் ஒரு தேசியக் கொடி, ஒரு கிளப் கொடி, எந்த நாட்டுக்கும் உரியதல்லாத ஒரு மஞ்சள் கொடி ஆகிய மூன்றும் பறந்தன. சுவரில் செத்துப்போன துரைமாரின் படங்கள். துரைமார் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன மிடுக்கை மட்டும் உள்ளூர்ப் பெரியவர்கள் முறைவைத்து அணிந்துகொள்கிறார்கள்.

இரகுநாதன் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். கோல்பின் முதற்பாடம் பந்தை அடிக்கும்வரை தலையைக் குனிந்தே வைத்திருப்பது. முப்பது வருடம் மற்றவர்களைக் குனிய வைத்தவருக்கு இந்தப் பாடம் மட்டும் ஏறவில்லை. மட்டை இறங்குவதற்கு முன்பே தலை நிமிர்ந்துவிடும். பந்து வலது பக்கம் ஓடிவிடும்.

சிவஞானம் கைவைக்காத வித்தை இல்லை. கவ்வாத்துக் கத்தி வீசுகிறவன் செடியைப் பார்ப்பானா, வானத்தைப் பார்ப்பானா என்று கேட்டுப் பார்த்தார். ஐயாவின் தொப்பியில் கல் வைத்துப் பார்த்தார். பந்துக்குப் பக்கத்தில் ஒரு சில்லறைக் காசை வைத்து, "அடிச்ச பொறகு பூவா தலையான்னு சொல்லுங்க ஐயா" என்றுகூடச் சொல்லிக் கொடுத்தார். ஒருநாளும் ஐயா பார்த்துச் சொன்னதில்லை. ஊகித்துச் சொன்னார். அதன் பிறகுதான் ஜீவனின் கால் பாடத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது.

எதிராளி வெலிமடையில் விதைக்கிழங்கு வியாபாரம் செய்யும் இத்ரூஸ் ஹாஜியார். கிளப்பின் கூரையில் பாதியைப் போட்டுக் கொடுத்ததால் அங்கத்தவர் ஆனவர். இரண்டு வருடமாகத்தான் ஆடுகிறார். கிழங்கு மூட்டையை லொறியில் எறிகிற மாதிரி அடிப்பார். போய் விழுந்த இடத்தைப் பார்த்து அவரே சிரிப்பார்.

"என்ன சிவஞானம், ஆயத்தமே?" என்றார் இரகுநாதன், குரலைத் தாழ்த்தி.

"எல்லாம் ஆயத்தங்க ஐயா."

முதல் மூன்று குழிகளில் இருவரும் சமமாகவே தடுமாறினார்கள். நாலாவதில் ஹாஜியார் வீசிய வீச்சில் பந்து இடது பக்கமாகப் பறந்து, தேயிலைச் சரிவுக்குள் நெடுந்தூரம் போய் விழுந்தது.

"அடடா, பாவம்" என்றார் இரகுநாதன். அவர் முகத்தில் பாவம் எதுவும் இல்லை. பந்து கிடைக்காவிட்டால் எதிராளிக்குத் தண்டம்.

எல்லோரும் செடி ஓரமாகத் தேடினார்கள். சிவஞானமும் தேடுகிற மாதிரி குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. சரிவின் நடுவில் சிவப்புத் தலைத்துண்டு ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது.

கிளப்பில் ஏழாம் நம்பர் என்றால் ஏழாவது குழி. லயத்தில் ஏழாம் நம்பர் என்றால் ஏழாம் நம்பர் மலை. நாலாவது குழிக்கு இடது பக்கம் ஏறிப் போகும் இந்தத் தேயிலைச் சரிவு. வெள்ளைக்காரன் மலைகளுக்கும் நம்பர் போட்டான், பிறகு விளையாடும் குழிகளுக்கும் நம்பர் போட்டான். இரண்டையும் ஒருவனே ஒருநாள் பேசுவான் என்று நினைக்கவில்லை. சிவஞானம் இருபது வருடமாக இரண்டையும் பேசுகிறார். இன்று விடியற்காலையில், லயத்து வாசலில் நின்றுகொண்டு, கிளப் வாயால் பேசிவிட்டார்.

பாக்கியலெட்சுமி குனிந்து வரவில்லை. நேராக வந்தாள். கையிலிருந்த பந்தைப் படங்கில் துடைத்து, எல்லோருக்கும் முன்னால் புல்லின்மேல் மெத்தென்று வைத்தாள்.

"இந்தாங்க ஐயா, பந்து. உள்ளுக்குக் கெடந்துச்சு."

பிறகு புருஷனைப் பார்த்தாள். சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்த பார்வை அது.

"மாஷா அல்லாஹ்!" என்றார் ஹாஜியார்.

இரகுநாதனின் மூக்கு சிவந்தது. "பொறுங்கோ, பொறுங்கோ. ஐசே சிவஞானம், இதுக்குச் சட்டம் என்ன? நீர்தானே பயிற்றுநர், சொல்லும்."

பயிற்றுநர் என்று ஐயா பலர் அறியக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சட்டம் சிவஞானத்துக்கு நன்றாகத் தெரியும். வெளியாள் நகர்த்திய பந்தை, அது கிடந்த இடத்துக்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். வைத்தால் ஹாஜியார் செடிக்குள்ளிருந்து ஒருநாளும் வெளியே வரமாட்டார். கிண்ணம் ஐயாவுக்கு, கடிதம் தமக்கு. ஆனால் கிடந்த இடம் எது என்று பாக்கியலெட்சுமியிடம் கேட்க வேண்டும். அவள் இடத்தைக் காட்டுவாள். காட்டிவிட்டு, "நீங்கதானே வர்றதத் தள்ளச் சொன்னீங்க?" என்று அவரிடம் கேட்பாள். அவளுடைய வாய் ஏற்கனவே பாதி திறந்திருந்தது.

"இருக்கிற எடத்துலேயே ஆடலாங்க ஐயா" என்றார் சிவஞானம். "வெளியாளு கொண்டாந்து வச்சா குத்தமில்ல."

"வெளியாளா?" என்றாள் பாக்கியலெட்சுமி.

ஹாஜியார் புல்லிலிருந்து அடித்தார். பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

ஏழாவது குழிக்கு வந்தபோது ஹாஜியார் ஒரு அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தார். சிவஞானத்தின் வெள்ளைத் தொப்பி வியர்வையில் நனைந்து, சுண்ணாம்பு நெற்றியில் வழிந்தது. வலது பக்கத்துத் தேயிலையில் ஆள் இல்லை, கால் இல்லை. ஒரு மைனா மட்டும் உட்கார்ந்திருந்தது.

ஐயா மட்டையை ஓங்கினார். சிவஞானம் அவரைப் பார்க்கவில்லை. பந்து போய் விழப்போகும் செடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். டக் என்று சத்தம் கேட்டது. செடிகள் அசையவில்லை. மைனாவும் அசையவில்லை.

"பாத்தனீரே?" இரகுநாதனின் குரல் நடுங்கியது. "ஐசே, பாத்தனீரே? தலை நிமிரேல்லை! காசிருந்தா பூவோ தலையோ எண்டு சொல்லியிருப்பன்!"

பந்து புல்வெளியின் நட்டநடுவில், நூல் பிடித்தமாதிரி கிடந்தது. மூன்று வருடத்தில் ஐயா நேராக அடித்த முதல் பந்து. சிவஞானம் ஓர் ஆளுக்கு உண்மையாகவே கற்றுக்கொடுத்துவிட்டதற்கு இருந்த ஒரே அத்தாட்சி.

"பாத்தேங்க ஐயா" என்றார் சிவஞானம், பார்க்காதவர்.

ஏழிலும், எட்டிலும், கடைசிக் குழியான ஒன்பதிலும் இருவரும் சமம். அந்த ஒரு அடி அப்படியே நின்றது. கிண்ணம் இத்ரூஸ் ஹாஜியாருக்குப் போயிற்று.

கிளப் குசினிக்குப் பின்னால், தட்டுக் கழுவும் தண்ணீர்ப் பீலியடியில் புருஷனும் பெண்சாதியும் சந்தித்தார்கள். தகப்பனின் பாடம் எப்படிப் போனது என்று பார்க்க வந்த நிஷாந்தினி, இஸ்திரி போட்ட சேலையோடு கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"ஏழாம் நம்பர்ல நிக்கச் சொன்னேனா இல்லையா?"

"நான் எங்க நின்னேன்? எட்டுலயா?"

"ஏழாங் குழி, பாக்கியம்! குழி!"

"குழின்னு சொன்னீங்களா? ஏழாம் நம்பர்னு சொன்னீங்க. இருவது வருசமா அந்த மலையில கொழுந்தெடுக்கிறேன். அதுக்குத்தான் அந்தப் பேரு. ஒங்க குழிக்கு யாரு பேரு வச்சா?"

"சரி, குனிஞ்சாவது இருந்திருக்கலாமே?"

"குனிஞ்சேதான் இருவது வருசம் போச்சு. இன்னிக்கு பெரட்டும் இல்ல, கங்காணியும் இல்ல. இன்னிக்கும் குனியணுமா?" அவள் குரல் இறங்கியது. "வெளியாளுன்னு சொன்னீங்களே."

"அது சட்டத்துல வர்ற சொல்லு."

"அம்மாவுக்குத் தெரியாதில்லையா அப்பா" என்றாள் நிஷாந்தினி. "அவங்க சட்டம் படிக்கலையே."

மண்டபத்துக்குள் கைதட்டல் கேட்டது. ஹாஜியார் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"இந்தக் கிண்ணம் எனக்கில்ல. மலையில நிண்ட அந்தப் பொம்புளைக்கி. வேற ஆளா ஈந்தா பந்தப் பைக்குள்ள போட்டிட்டுப் போயிருக்கும். இவ்வளவு பெரிய கிளப்புல நேர்மையான ஒரு ஆளத்தான் நான் இண்டைக்கிக் கண்டன். கேட்டடியில ஒரு வீடு சும்மாதானே ஈக்கிது? அவங்களுக்குக் குடுத்து, பந்தெல்லாம் பாத்துக்கொள்ளச் செல்லுங்க. கூரையில மத்தப் பாதியையும் நான் போட்டுத் தாரன்."

கூரையின் மற்றப் பாதி ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. அதன் கீழே உட்கார்ந்திருந்த அங்கத்தவர்கள் எழுந்து நின்று நேர்மைக்குக் கைதட்டினார்கள்.

நாலரை மணிக்குச் செயலாளரின் அறைக்கு மூவரும் அழைக்கப்பட்டார்கள். இரகுநாதன் ஐயா ஒரு நியமனக் கடிதப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். பதவிக்குப் பெயரும் அவரே கண்டுபிடித்திருந்தார்: பந்துப் பாதுகாப்பு உத்தியோகத்தர்.

"பிள்ளை டீச்சர்தானே. நீரே நிரப்பும்" என்று நிஷாந்தினியிடம் பேனையை நீட்டினார்.

"பெரட்டுக்குப் போக வேணாங்களா ஐயா?" என்றாள் பாக்கியலெட்சுமி.

"வேண்டாம்."

"வீடு எம் பேருலயா?"

"உம்மட பேரிலதான். கடிதமும் உம்மட பேரிலதான், நிரப்பினதும் இதிலயே கையெழுத்து வைச்சுத் தாறன்."

பாக்கியலெட்சுமி இடுப்பிலிருந்த படங்கை அவிழ்த்து, நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

சிவஞானம் தொண்டையைச் செருமினார். "ஐயா, எங் கடிதம்?"

இரகுநாதன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு மிகவும் சாதாரணமாகச் சொன்னார்.

"உம்மட தம்பி ஊரில நிண்டிருந்தா இண்டைக்கு இந்தப் பிரச்சினையே வந்திராது, என்ன?"

சிவஞானம் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். "ஐயாவுக்கு... தெரியுங்களா?"

"முப்பது வருஷம் கச்சேரியில இருந்தனான், ஐசே. வலப்பக்கத் தேயிலைக்குள்ள போன பந்து புல்லுக்கு நடுவில கிடந்தா எனக்கு விளங்காதே? நல்லாத்தான் செய்தவன். நான் அதையும் உம்மட பயிற்சியில ஒரு பகுதி எண்டுதான் நினைச்சனான்."

"ஆனா ஏழாவதுல ஐயா நேரா அடிச்சீங்களே. அது நான் சொல்லிக் குடுத்தது."

"அதை ஆர் பாத்தது?" என்றார் இரகுநாதன். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையான கவலையோடுதான் கேட்டார்.

சிவஞானம் தரையைப் பார்த்தார்.

"கிளப் சட்ட யாப்பின்படி ஒரு குடும்பத்தில ஒருத்தருக்குத்தான் உத்தியோகம்" என்று ஐயா தொடர்ந்தார். "வெள்ளைக்காரன் எழுதின சட்டம். மாத்தேலாது. ரெண்டு பேரின்ர பேரும் வந்தா இந்த வீடு இல்லை."

"நான் இருவது வருசமா இங்க கேடியா இருக்கேனே ஐயா."

"அது உத்தியோகமில்லை. அது பழக்கம். நீர் வழமைபோல வந்து சொல்லித் தாரும், ஆர் வேண்டாமெண்டது? பேப்பரில மட்டும் இருக்கப்படாது. அடுத்த வருஷம் எனக்குக் கிண்ணம் வேணும்."

நிஷாந்தினி எழுதிக்கொண்டே போனாள். முழுப் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம். ஓரிடத்தில் பேனை நின்றது.

"கணவரின் தொழில்னு ஒரு கட்டம் இருக்குப்பா."

"மாஸ்டர்னு எழுதும்மா" என்றாள் பாக்கியலெட்சுமி, புருஷனைப் பார்க்காமல்.

"எழுதலாம்" என்றார் இரகுநாதன். "எழுதினா லயத்திலேயே இருக்கலாம்."

நிஷாந்தினியின் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். தரகர். கொஸ்லந்தைக்காரர்கள் வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கவில்லை. நாளைக்குப் பதுளையில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறார்களாம், அப்படியே புது வீட்டையும் கடிதத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார்களாம்.

"என்னம்மா?" என்றார் சிவஞானம்.

"நாளைக்கு வர்றாங்களாம்ப்பா. வீட்டுக்கு."

சிவஞானம் ஜன்னலுக்கு வெளியே கேட்டடியைப் பார்த்தார். வீட்டு வாசலில் யாரோ அதற்குள் பூட்டைத் திறந்து, கூட்டிக்கொண்டிருந்தார்கள். நனைந்த தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"எழுதும்மா" என்றார்.

"என்னான்னு அப்பா?"

"ஐயா சொல்றபடி எழுது."

மாப்பிள்ளையின் மாமன் நாளைக்குக் கண்ணால் பார்க்கப்போகிற கடிதத்தில், கணவரின் தொழில் என்ற கட்டத்தில், நிஷாந்தினி தெளிவான டீச்சர் கையெழுத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.